ஒரே பெட்டிக்குள் இரண்டு பேர்

(தாம்பரத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார்: "ஏங்க, தாம்பரத்தில் போய் ஸ்குவாஷ் பற்றிப் பேசப் போகிறீர்களாமே, கேட்க ஆள் வருமா?" வந்திருக்கிறீர்கள். அவருக்கு என் முதல் பதில் அதுதான். இரண்டாவது பதிலும் ஒன்று உண்டு. 2025 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ. கடைகளுக்கு நடுவே நான்கு பக்கமும் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு கோர்ட். துணிக்கடைப் பையோடு வந்தவர்கள்கூட நின்று பார்க்கிறார்கள். அங்கே இந்தியா ஹாங்காங்கை 3-0 என்று வென்று, ஸ்குவாஷ் உலகக் கோப்பையை முதல் முறையாக வாங்கியது. அணியில் நான்கு பேர்: ஜோஷ்னா சின்னப்பா, அபய் சிங், வேலவன் செந்தில்குமார், அனஹத் சிங். அனஹத் டெல்லிப் பெண். மற்ற மூவரும் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள். உலகக் கோப்பை, ஐயா! மறுநாள் காலை கடற்கரை வண்டியில் அதைப் பற்றி யாராவது பேசினார்களா? எத்தனை ரன், எத்தனை விக்கெட் என்ற பேச்சுத்தானே காதில் விழுந்தது?

சரி, புலம்ப வரவில்லை. ஒரு வழக்கோடு வந்திருக்கிறேன். விளையாட்டு வீரரின் பாணி அவர் பிறவியிலேயே கொண்டு வருவது, அல்லது பயிற்சியாளர் கற்றுக் கொடுப்பது என்று நினைக்கிறோம். ஒருவர் ஓங்கி அடிப்பார், ஒருவர் பொறுமையாக ஆடுவார், அது அவரவர் குணம் என்கிறோம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஸ்குவாஷில் ஒருவருடைய ஆட்டத்தில் பாதியை உருவாக்குவது அவருடைய போட்டியாளர். இதுதான் என் கட்சி. இதற்குச் சாட்சிகளை ஒவ்வொருவராக அழைக்கிறேன். தீர்ப்பு உங்கள் கையில்.

முதலில் களத்தைப் பாருங்கள். டென்னிஸில் நடுவே வலை இருக்கிறது. பேட்மிண்டனில் வலை இருக்கிறது. கபடியில்கூட நடுவே ஒரு கோடு இருக்கிறது. ஸ்குவாஷில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். நான்கு சுவர், ஒரு கதவு. உள்ளே இரண்டு பேர். இரண்டு பேருக்கும் ஒரே முன்சுவர், ஒரே பந்து. முன்சுவரின் அடியில் ஒரு தகரப்பட்டை, அதை டின் என்பார்கள். பந்து அதில் பட்டால் 'டங்' என்று சத்தம் வரும், பாயிண்ட் போய்விடும். தரையில் சிவப்புக் கோடுகள் கூடுமிடம் 'டி'. அந்த இடத்தை யார் பிடிக்கிறார்களோ அவர்கள் கையில் ஆட்டம். ஆனால் நான் அடித்துவிட்டு அங்கேயே நின்றுகொள்ள முடியாது. அடுத்தவர் பந்துக்குப் போக வழி விட வேண்டும். காலை எட்டரை மணிக்குக் கிண்டி ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறீர்களா? இறங்குபவருக்கு வழி விட்டால்தான் ஏறுபவருக்கு இடம். இரண்டு பேருக்கும் அவசரம், கதவு ஒன்றுதான். அந்த நெரிசலை ஒரு மணி நேரம் தொடர்ந்து நடத்தினால் அதுதான் ஸ்குவாஷ். வழி மறித்தால் நடுவர் 'லெட்' கொடுப்பார், அதாவது மறுபடி ஆடு. ரொம்பவும் மறித்தால் 'ஸ்ட்ரோக்', பாயிண்ட்டே அடுத்தவருக்கு.

இன்னொரு விநோதம் அந்தப் பந்து. இரண்டு மஞ்சள் புள்ளி வைத்த கறுப்பு ரப்பர் பந்து. கீழே போட்டால் எழும்பவே எழும்பாது. அடித்து அடித்துச் சூடாக்கினால்தான் உயிர் வரும். ஆட்டம் தொடங்கும் முன்னே இரண்டு போட்டியாளர்களும் சேர்ந்து நின்று, மாறி மாறி அடித்து, அந்தப் பந்தைச் சூடேற்றுவார்கள்.

இப்படி ஒரு பெட்டிக்குள் எத்தனை விதமாக ஆட முடியும்? நுணுக்கமாகப் பார்த்தால் நூறு விதம். பேச்சுக்கு வசதியாக மூன்று வைத்துக்கொள்வோம். அடிப்பவர், எடுப்பவர், ஏய்ப்பவர். அடிப்பவர் பந்தின் வேகத்தால் மூச்சு முட்ட வைப்பார். எடுப்பவர் எங்கே போட்டாலும் போய் எடுத்துவிடுவார். எதிராளிக்குச் சலிப்பு வந்து தப்புச் செய்யும்வரை எடுத்துக்கொண்டே இருப்பார். ஏய்ப்பவர் மட்டையை ஓங்கி நிறுத்தி, நம்மைப் பின்னால் ஓடவிட்டு, முன்னால் மெல்லத் தட்டிவிடுவார். அந்த மெல்லிய தட்டல்தான் டிராப். உயரமாகத் தூக்கிப் பின்மூலையில் இறக்கினால் லாப்.

இப்போது முதல் சாட்சி. ஜஹாங்கிர் கான்.

பெஷாவருக்குப் பக்கத்தில் நவாகிலே என்று ஒரு கிராமம். உலக ஸ்குவாஷின் பாதிச் சரித்திரம் அந்த ஒரு கிராமத்துக் குடும்பங்களுக்குள் நடந்தது. அங்கிருந்து புறப்பட்ட ஹாஷிம் கான் வெள்ளைக்காரர் கிளப்பில் பந்து பொறுக்கிப் போட்ட பையன். பின்னாளில் பிரிட்டிஷ் ஓப்பன் சாம்பியன். அந்த வம்சவழியில் வந்தவர் ஜஹாங்கிர். சிறு வயதில் உடம்பு சரியில்லாத பிள்ளை. ஓடி ஆடக் கூடாது என்று மருத்துவர்கள் சொன்ன பிள்ளை. அவருடைய அண்ணன் தோர்சம் 1979-ல் ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருந்தபோதே கோர்ட்டில் சரிந்து இறந்தார். அந்தத் துக்கத்திலிருந்து எழுந்து வந்தவர் 1981-ல் உலக சாம்பியன் ஆனார். அந்த ஆண்டில் தொடங்கி ஐந்தரை ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. 555 போட்டிகள் என்று கணக்குச் சொல்வார்கள். 1986-ல் பிரான்சின் துலூஸ் நகரில் நியூஸிலாந்தின் ராஸ் நார்மன் அந்த வரிசையை உடைத்தார்.

ஜஹாங்கிர் அடிப்பவர். ஆனால் வெறும் அடி இல்லை. முதல் பந்தில் இருந்த வேகம் நூறாவது பந்திலும் இருக்கும். அப்போதைய விதிப்படி சர்வீஸ் போடுபவருக்கு மட்டுமே பாயிண்ட். ஆகவே ஆட்டம் முடியவே முடியாது. 1983-ல் எகிப்தின் கமால் அவாத்தோடு ஆடிய போட்டி 2 மணி 46 நிமிடம் நீடித்தது. அதில் முதல் ஆட்டம் மட்டும் 1 மணி 11 நிமிடம்! அவாத் எதையும் எடுக்கக்கூடியவர். அவரையே எடுத்து எடுத்து ஓய வைத்தார் ஜஹாங்கிர்.

இப்படிப்பட்டவரை யார் என்ன செய்ய முடியும்? அவரைவிட ஐந்தரை வயது சின்னவனான ஒரு பையன் வந்தான். அவனுக்கும் பூர்வீகம் அதே நவாகிலே. பெயர் ஜான்ஷெர் கான். ஜஹாங்கிரோடு வேகத்தில் மோதினால் செத்தோம் என்று தெரிந்துகொண்ட பையன். என்ன செய்தான்? வேகத்துக்கு வேகம் தர மறுத்தான். பந்தைத் தூக்கிப் போட்டான். மெதுவாக வந்து மெதுவாகத் தொட்டான். நடப்பதுபோல் ஓடினான். ஜஹாங்கிர் வெப்பத்தை ஏற்ற ஏற்ற, ஜான்ஷெர் அதை இறக்கிக்கொண்டே இருந்தான். 1987-ல் பதினெட்டு வயதில் உலக ஓப்பனை வென்றான். வென்றவன் வழியில் வீழ்த்தியவர்களில் ஜஹாங்கிரும் ஒருவர்.

சும்மா விடுவாரா பெரியவர்? தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டு வந்து 1988 உலக ஓப்பன் இறுதியில் ஜான்ஷெரை வென்றார். பிரிட்டிஷ் ஓப்பனை 1982 முதல் 1991 வரை பத்து முறை தொடர்ந்து எடுத்தார். 1992 முதல் 1997 வரை ஆறு முறை எடுத்தவர் யார்? ஜான்ஷெர். ஜஹாங்கிர் இல்லாவிட்டால் ஜான்ஷெருக்கு அந்த லாப் எதற்கு? ஜான்ஷெர் வராமல் இருந்திருந்தால் ஜஹாங்கிர் இருபத்துநான்கு வயதில் எதற்காக மறுபடி பாடம் படிக்க வேண்டும்? என் கட்சிக்கு முதல் சாட்சி இதுதான்.

பெஷாவர் தூரம். நம் ஊருக்கு வருவோம்.

சென்னையில் ஸ்குவாஷ் நெடுங்காலம் கிளப் கதவுகளுக்கு உள்ளே இருந்த ஆட்டம். ஜிம்கானா, மெட்ராஸ் கிரிக்கெட் கிளப். தாம்பரத்துக்காரர்களுக்கு எம்.சி.சி. என்றால் கிறிஸ்தவக் கல்லூரி. நான் சொல்வது சேப்பாக்கத்து எம்.சி.சி. அங்கே தந்தை அஞ்சன் சின்னப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மட்டை எடுத்தவர் ஜோஷ்னா. 1986-ல் பிறந்தவர். 2000-ல், பதினான்கு வயதில், தேசிய சாம்பியன். புவனேஸ்வரி குமாரி பெற்ற 16 தேசியப் பட்டங்கள் என்ற சாதனையை யாரும் தொடமாட்டார்கள் என்று இருந்தது. 2019-ல் பதினேழாவது பட்டத்தோடு ஜோஷ்னா அதைத் தாண்டினார்.

ஐந்து வருடம் பின்னால் தீபிகா பள்ளிக்கல். 1991-ல் சென்னையில் பிறந்தவர். தாய் சூசன் இந்தியாவுக்குக் கிரிக்கெட் ஆடியவர். அப்போது நேரு பார்க்கில் இந்தியன் ஸ்குவாஷ் அகாடமி வந்துவிட்டது. மலேசியாவிலிருந்து வந்த மேஜர் மணியம், துரோணாச்சாரியா விருது பெற்ற சைரஸ் பொஞ்சா ஆகிய இருவரின் பார்வையில் ஒரு தலைமுறையே அங்கே வியர்த்தது. கொல்கத்தாவில் பிறந்த சௌரவ் கோஷல்கூட ஆட்டத்துக்காக மூட்டை கட்டிக்கொண்டு சென்னை வந்தார். பின்னாளில் உலக வரிசையில் முதல் பத்துக்குள் போன முதல் இந்திய ஆண் அவர். சிறிய உருவம், புயல் கால். அவரைப் பற்றி மட்டுமே ஒரு மாலை பேசலாம். இன்று அதற்கு நேரம் இல்லை.

ஜோஷ்னாவும் தீபிகாவும் எப்படி ஆடுவார்கள்? பார்த்த அளவில் சொல்கிறேன், மறுப்பவர்கள் பிறகு மேடைக்கு வரலாம். ஜோஷ்னா அடிப்பவர். பந்து பின்சுவர் போகும்வரை காத்திருக்கப் பிடிக்காதவர். முன்னால் வந்து காற்றிலேயே எடுத்துத் திருப்புவார், எதிராளிக்கு யோசிக்க அரை நொடிகூடத் தரமாட்டார். அவருடைய நல்ல நாளில் உலகத்தில் யாரும் அவருக்கு எதிரே நிற்க முடியாது. கெட்ட நாளில் அதே அடி டின்னில் போய் விழும். தீபிகாவின் கை வேறு. அது தொட்டுப் பார்த்து ஆடும் கை. மட்டையைத் தாமதித்து, எதிராளி ஒரு பக்கம் சாய்ந்த பிறகு மறுபக்கம் போடும் கை. 2012 டிசம்பரில் உலகின் முதல் பத்து வரிசைக்குள் நுழைந்த முதல் இந்தியப் பெண் அவர்தான். நான்கு வருடம் கழித்து ஜோஷ்னாவும் பத்தாம் இடத்தைத் தொட்டார். சின்னவர் முந்தினார், பெரியவர் எட்டிப் பிடித்தார். இதில் என் கட்சி தெரிகிறதா, இல்லையா?

தீபிகாவின் போட்டி கோர்ட்டுக்குள் மட்டும் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேசியப் போட்டியில் ஆண் சாம்பியனுக்கு ஒரு பரிசுத் தொகை, பெண் சாம்பியனுக்கு அதைவிடக் குறைந்த தொகை என்று இருந்தது. "சமமாகக் கொடுங்கள், வருகிறேன்" என்றார். வருடக்கணக்கில் தேசியப் போட்டிக்கே போகவில்லை. 2016-ல் தொகை சமமான பிறகுதான் திரும்பினார். அத்தனை காலமும் ஜோஷ்னா பட்டங்களை எடுத்துக்கொண்டிருந்தார். தீபிகா இல்லாத நாட்களில் வந்த பட்டங்கள் என்று சிலர் முணுமுணுத்ததுண்டு. எனக்கு அந்த முணுமுணுப்பில் உடன்பாடில்லை. எதிரே யார் நிற்கிறாரோ அவரைத்தானே வெல்ல முடியும்?

இப்போது 2014-க்கு வாருங்கள். அந்த ஒரு வருடத்தில் நடந்ததைக் கதையாக எழுதினால் நம்பமாட்டீர்கள்.

ஆகஸ்ட் 2. கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டி. பெண்கள் இரட்டையர் இறுதி. எதிரே இங்கிலாந்தின் லாரா மசாரோ, ஜென்னி டன்கால்ஃப். மசாரோ அப்போது உலக சாம்பியன். டன்கால்ஃப் உலக வரிசையில் இரண்டாம் இடம்வரை போனவர். இந்தப் பக்கம் யார்? ஒருவரை ஒருவர் வெல்லவே வளர்ந்த நம் இரண்டு பெண்கள். 11-6, 11-8. தங்கம்! காமன்வெல்த் போட்டிகளில் ஸ்குவாஷில் இந்தியா பெற்ற முதல் பதக்கமே தங்கம். எப்படி முடிந்தது? ஒருவர் அடித்துத் திறந்த இடத்தில் மற்றவர் தொட்டு முடித்தார். சிறு வயதிலிருந்து எதிரெதிரே ஆடியதால் அவள் அடுத்து என்ன செய்வாள் என்று இவளுக்குத் தெரியும். அந்த அறிவு அதுவரை தோற்கடிக்கப் பயன்பட்டது, அன்று சேர்ந்து ஜெயிக்கப் பயன்பட்டது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர், தென்கொரியாவின் இஞ்சியோன், ஆசிய விளையாட்டு. ஒற்றையர் காலிறுதியில் யாரோடு யார்? ஜோஷ்னாவோடு தீபிகா! சீட்டுக் குலுக்கல் அப்படி விழுந்தது. வென்றவருக்குப் பதக்கம் உறுதி, தோற்றவருக்கு ஒன்றும் இல்லை. ஒரே நாட்டின் இருவரை இப்படி முட்டவிட்டதில் தீபிகாவுக்குக் கோபம், வெளிப்படையாகவே சொன்னார். ஆனாலும் ஆடினார்கள். ஐந்து ஆட்டம் போனது. தீபிகா வென்றார், பின்னர் வெண்கலம் பெற்றார். ஆட்டம் முடிந்து இருவரும் எந்த அறைக்குப் போனார்கள்? ஒரே அணியின் அறைக்கு! பெண்கள் அணிப் போட்டியில் தோளோடு தோள் நின்று வெள்ளி வாங்கினார்கள்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். நமக்குப் பகையாளி என்றால் தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். வரப்புத் தகராறு வந்தால் மூன்று தலைமுறை பேச்சு வார்த்தை கிடையாது. இவர்களுக்கு அந்த வசதியே இல்லை. திங்கட்கிழமை தோற்கடித்தவள் செவ்வாய்க்கிழமை பக்கத்தில் நின்று பந்தைச் சூடாக்குகிறாள்.

அப்புறம் 2017 ஏப்ரல். மறுபடி எக்ஸ்பிரஸ் அவென்யூ. ஆசிய ஒற்றையர் சாம்பியன்ஷிப் இறுதி. எந்த இந்தியப் பெண்ணும் அதுவரை அந்தப் பட்டத்தை வென்றதில்லை. அன்று எப்படியும் ஒருத்தி வெல்லப் போகிறாள், ஏனென்றால் இரண்டு பேருமே நம் சென்னைப் பெண்கள். முதல் ஆட்டம் தீபிகாவுக்கு, 15-13. இரண்டாவது ஜோஷ்னாவுக்கு, 12-10. மூன்றாவது தீபிகாவுக்கு, 13-11. மூன்று ஆட்டத்திலும் வித்தியாசம் இரண்டே பாயிண்ட்! ஏய்க்கும் கைக்கும் அடிக்கும் கைக்கும் நடுவே மயிரிழை. பிறகு என்ன ஆயிற்று? 11-4, 11-4. ஜோஷ்னா சாம்பியன்.

கடைசி இரண்டு ஆட்டம் ஏன் அப்படிச் சரிந்தது? முதல் மூன்று ஆட்டங்களில் ஜோஷ்னா அடித்த அடியெல்லாம் அப்போது பாயிண்ட் தரவில்லை. தீபிகாவின் கால்களில் வட்டியோடு சேர்ந்துகொண்டிருந்தது என்பது என் வாசிப்பு. ஏய்ப்பதற்குப் பந்திடம் ஒரு நொடி முன்னதாகப் போய் நிற்க வேண்டும். கால் கனத்தால் அந்த ஒரு நொடி கிடைக்காது. கை அதே கைதான், ஆனால் அவகாசம் போய்விடும்.

அடிப்பவர் ஏய்ப்பவரை வெல்வார் என்று இதிலிருந்து சூத்திரம் எழுதிவிடாதீர்கள். அடுத்த வருடமே, 2018 ஆசிய விளையாட்டில், ஜகார்த்தாவில், சூத்திரம் சுக்குநூறாக உடைந்தது. அங்கே மலேசியாவிலிருந்து நிக்கோல் டேவிட் வந்திருந்தார். பினாங்குப் பெண், தந்தை வழியில் இந்திய வம்சாவளி. எட்டு முறை உலக சாம்பியன். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து ஒன்பது வருடம் உலகின் முதலிடம். எடுப்பவர்களில் இவருக்கு மேல் ஒருவர் பிறக்கவில்லை. கூடவே பத்தொன்பது வயதில் சிவசங்கரி சுப்பிரமணியம், கெடாவில் பிறந்த தமிழ்ப் பெண். ஒற்றையர் அரையிறுதியில் சிவசங்கரி ஜோஷ்னாவை வென்றார். இறுதியில் நிக்கோல் சிவசங்கரியை வென்றார். சில நாள் கழித்து அணிப் போட்டியின் அரையிறுதியில் ஜோஷ்னா நிக்கோலை வென்றார். வட்டம் முழுசாகச் சுற்றிவிட்டதா? இப்போது சொல்லுங்கள், மூவரில் பெரியவர் யார்? பள்ளிக்கூடக் கணக்கில் முதலாவது இரண்டாவதைவிடப் பெரிது, இரண்டாவது மூன்றாவதைவிடப் பெரிது என்றால், முதலாவது மூன்றாவதைவிடப் பெரிது. ஸ்குவாஷ் கோர்ட்டுக்குள் அந்தக் கணக்கு செல்லாது. யாருக்கு எதிரே யார் என்பதுதான் கணக்கு.

அந்தச் சிவசங்கரி 2022-ல் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து படுத்தவர். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம். 2024-ல் லண்டன் கிளாசிக் பட்டம். நம் சேனல்கள் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

ஹாங்சோ என்றதும் அபய் சிங் நினைவுக்கு வருகிறார். ஆண்கள் அணி இறுதி. எதிரே பாகிஸ்தான். ஆளுக்கு ஒரு வெற்றி. கடைசி மோதல் நம் அபய்க்கும் நூர் ஸமானுக்கும். நூர் ஸமான் யார்? 1975-ல் பிரிட்டிஷ் ஓப்பன் வென்ற கமர் ஸமானின் பேரன். ஐந்தாவது ஆட்டத்தில் அபய் 8-10. இன்னும் ஒரு பாயிண்ட் போனால் தங்கம் அந்தப் பக்கம். 9-10. 10-10. 11-10. 12-10! பெஷாவரின் பரம்பரையை நேரு பார்க்கின் பரம்பரை வென்றது. சௌரவ் அன்று அணியின் மூத்தவர், தன் ஆட்டத்தை வென்று வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தார். அதே ஹாங்சோவில் கலப்பு இரட்டையரில் தீபிகாவுக்கும் ஹரிந்தர் பால் சிங்குக்கும் தங்கம். இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயான பிறகு திரும்பி வந்த தீபிகா அவர்!

அபய்க்கு நம் அணியிலேயே ஒரு போட்டியாளர் இருக்கிறார். வேலவன் செந்தில்குமார். இருவரும் ஒரே வயது, 1998-ல் பிறந்தவர்கள். 2023 நவம்பரில் சென்னையில் நடந்த தேசிய இறுதியில் இருவரும் மோதினார்கள். வேலவன் முதல் முறையாகப் பட்டம் எடுத்தார். 2025-ல் ஆசிய இரட்டையர் போட்டியில் இருவரும் ஜோடி சேர்ந்து தங்கம் எடுத்தார்கள். அதே பழைய கதை, ஆண்பால் பதிப்பு.

மோதலெல்லாம் இப்படி அழகாக இருக்குமா? இருக்காது. 2018-ல் சென்னையில் உலக ஜூனியர் போட்டி நடந்தது. பட்டம் வென்றவன் முஸ்தஃபா அசல் என்ற எகிப்துப் பையன். பின்னாளில் உலக சாம்பியன். அபாரமான ஆட்டக்காரர்தான். ஆனால் வழி மறிக்கிறார், உடம்பால் அடைக்கிறார் என்று உலகம் முழுக்கப் புகார். தடைகூட விதித்தார்கள். அவருக்கு எதிரே நின்றவர் அலி ஃபராக். ஹார்வர்டில் பொறியியல் படித்தவர். கோர்ட்டில் வழுக்கிக்கொண்டு போவதுபோல் நகர்வார், தன் தவறைத் தானே நடுவரிடம் சொல்வார். 2025 உலக சாம்பியன்ஷிப் இறுதியில் அசல் ஃபராக்கை வென்றார், ஃபராக் ஓய்வு பெற்றார். இதில் என் மனம் யார் பக்கம் என்று கேட்காதீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் கண்ணை எடுக்காமல் பார்த்தது அசலைத்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மறுபடி 2025 டிசம்பருக்கு வருகிறேன். அந்த உலகக் கோப்பையில் ஒரு விதி மாற்றம் இருந்தது. வழக்கமாக ஆட்டத்துக்குப் பதினொரு பாயிண்ட். அங்கே ஏழுதான். நான்கு பாயிண்ட் குறைந்தால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பீர்கள். எல்லாமே மாறும்! எடுப்பவருக்கு நேரம் வேண்டும், எதிராளியைத் தேய்க்க வேண்டும். ஏழு பாயிண்ட்டுக்குள் என்ன தேய்ப்பது? அது அடிப்பவர்களுக்கான அளவு. ஜோஷ்னாவுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. இறுதியில் ஹாங்காங்கின் லீ கா யீயை 7-3, 2-7, 7-5, 7-1 என்று வென்று அணிக்கு முதல் வெற்றி கொடுத்தார். அபய் இரண்டாவது. பதினேழு வயது அனஹத் மூன்றாவது. அந்தப் பெண் 2023-ல் பதினைந்து வயதில் தேசிய சாம்பியன் ஆனபோது எல்லோரும் யாரை நினைத்தார்கள்? 2000-ல் பதினான்கு வயதில் ஆன ஜோஷ்னாவை. இருவரும் இன்று ஜோடியாகவும் ஆடுகிறார்கள், எதிரெதிரேயும் ஆடுகிறார்கள். இருவருக்கும் நடுவே இருபத்தொரு வயது வித்தியாசம்.

சாட்சி விசாரணை முடிந்தது. இனி நம் வீட்டு விஷயம்.

நவாகிலே ஒரு கிராமம். எகிப்தின் சாம்பியன்கள் கெய்ரோவிலும் அலெக்ஸாண்டிரியாவிலும் உள்ள சில கிளப்புகளிலிருந்து வருகிறார்கள். அலெக்ஸாண்டிரியாவின் நூர் எல் ஷெர்பினி தன் முதல் உலக ஜூனியர் பட்டத்தை எங்கே வாங்கினார் தெரியுமா? 2009-ல், பதின்மூன்று வயதில், இதே சென்னையில்! நம் சாம்பியன்கள் நேரு பார்க்கிலிருந்து வந்தார்கள். ஏன் எப்போதும் சின்னச் சின்ன இடங்கள்? ஏனென்றால் போட்டியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை போட்டியில் சந்திப்பவர் எதிராளி. வாரத்துக்கு ஐந்து நாள் சந்திப்பவர்தான் போட்டியாளர். அவர்தான் உங்கள் டிராப்பைப் படித்து வைத்திருப்பார், நீங்கள் வேறு ஒன்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

நம் பக்கத்துப் பிள்ளை என்ன செய்யும்? சேலையூரிலோ முடிச்சூரிலோ பள்ளி விட்டு வந்து, தாம்பரத்தில் மின்சார வண்டி ஏறி, பரங்கிமலையில் மெட்ரோ மாறி, நேரு பூங்கா நிலையத்தில் இறங்கலாம். வழி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆடிக் களைத்த பத்து வயதுக் குழந்தை இரவு எட்டு மணிக்குக் கூட்டத்தில் நின்றுகொண்டே திரும்பி வந்து, எப்போது சாப்பிட்டு, எப்போது வீட்டுப்பாடம் எழுதும்? பழைய மகாபலிபுரம் சாலையிலும் மேடவாக்கத்திலும் அடுக்குமாடி வளாகங்களில் ஸ்குவாஷ் கோர்ட் கட்டியிருக்கிறார்கள். விளம்பரத்தில் படம் போடுகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் சைக்கிளும் பிளாஸ்டிக் நாற்காலியும் அடுக்கியிருக்கும். ஆட ஆள் இல்லை. ஆட ஆசைப்படும் பிள்ளை வெளியே, காவலாளி கதவுக்கு அந்தப் பக்கம்.

2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதல் முறையாகச் சேர்கிறது. தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. பூங்காக்களில் நடைபாதை போடுகிறோம், உடற்பயிற்சிக் கருவிகள் வைக்கிறோம், நல்ல காரியம். மாமன்ற உறுப்பினர் ஒருவர் அவையில் இருப்பதாகத் தலைவர் சொன்னார். அவருக்கு என் விண்ணப்பம் இது. எக்ஸ்பிரஸ் அவென்யூவில் வைத்த கண்ணாடிக் கோர்ட்டை நாங்கள் கேட்கவில்லை. சாதாரண பூச்சுச் சுவர், நல்ல மரத்தரை, மழை ஒழுகாத கூரை. ஒன்று வேண்டாம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டுங்கள். பின்னால் நான்கு படி வைத்து உட்கார்ந்து பார்க்க இடம் விடுங்கள், தாய்மார்கள் வந்து உட்காரட்டும். காலை ஐந்து மணிக்குத் திறந்துவிடுங்கள். மட்டையை வாடகைக்குக் கொடுங்கள், ஏனென்றால் மட்டை விலையைக் கேட்டுத்தான் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பெருங்களத்தூர்ப் பிள்ளையும் குரோம்பேட்டைப் பிள்ளையும் அங்கே வந்து வாரம் முழுக்க ஒருவரை ஒருவர் தோற்கடித்துக்கொள்ளட்டும்.

கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் எழுதி அனுப்பலாம் என்றார்கள். ஜோஷ்னாவா, தீபிகாவா என்று இப்போதே மூன்று சீட்டு வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தேநீருக்குப் பிறகு சண்டை போடுவோம்.